தப்பில்லாத் தப்பிசை

பரிசளிப்பு விழா ஒன்றின் நிகழ்ச்சி நிரல் எம்முன் கிடக்கிறது. கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு மேலே, தேயிலைச் சரிவொன்றின் விளிம்பில் நிற்கும் எமது பாடசாலையின் விழா அது. ஐந்தாவது நிகழ்ச்சி: ‘மல்லாரி – இராகம் கம்பீரநாட்டை – ட்ரம்பெட் குழு.’ ஆறாவது நிகழ்ச்சி: ‘மலையக நாட்டார் இசை – ட்ரம்பெட் குழு.’ முன்னதற்குப் பெயருண்டு, இராகமுண்டு. பின்னது எந்தக் கூத்தின் இசை, எவர் கையிலிருந்து வந்தது என்பதற்கு ஒரு சொல்லுமில்லை. அச்சகத்தார் விட்ட பிழையன்று இது. நிரலை எழுதிக் கொடுத்தவர்கள் நாமே. தமிழ் படித்துப் பட்டம் பெற்று, நாட்டார் வழக்காற்றியலில் தேர்வெழுதித் தேறிய கைதான் அந்த ஆறாவது வரியையும் எழுதிற்று. ஆகையால் இங்கு காணும் கண்டனம் பிறர்மேல் மட்டும் எறியப்பட்டதென்று வாசகர் கொள்ளவேண்டியதில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுவோம். வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் சிலர் ஆறு ட்ரம்பெட்டுகளை அனுப்பிவைத்தனர். சனிக்கிழமைதோறும் நகரிலிருந்து பயிற்றுநர் ஒருவர் வந்தார். திறமையுள்ளவர்; பிள்ளைகளிடம் பொறுமையுமுள்ளவர். உதடு பழகி, மூச்சுப் பழகி, எட்டு மாதத்தில் ஆறு பிள்ளைகளும் ஓரளவு ஒருமித்து ஊதத் தொடங்கினர். சபையை நிமிர்ந்து உட்காரச் செய்யும் உருப்படி ஒன்றிரண்டு வேண்டுமெனப் பயிற்றுநர் விரும்பினார். மல்லாரியை அவர் தெரிந்தெடுத்தார். மற்றதைத் தெரிந்தெடுத்தவர்கள் பிள்ளைகள். காமன் கூத்தில் தகனத்துக்கு முன் அடிக்கப்படும் தப்பை, இடைவேளைகளில் மேசைமேல் விரலாலும் அடிமட்டத்தாலும் தட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ‘இதை ஊத ஏலாதா சேர்?’ என்று முதலிற் கேட்டவள் மூன்றாம் ட்ரம்பெட் ஊதும் பிள்ளை. தோட்டத்தில் அந்தத் தப்பை அடிப்பவர் அவளுடைய தாத்தா.

பெரியவர் ஒரு மாலை அழைக்கப்பட்டார். மழைநாள். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து, தட்டினால் நனைந்த சாக்கைத் தட்டுவதுபோல் ஒலித்தது. பாடசாலையின் பின்புறம் கவ்வாத்து மிலாறைக் குவித்து மூட்டச் சொல்லி, தப்பைத் தீயிற் காட்டுவதும் விரலாற் சுண்டிப் பார்ப்பதுமாக நெடுநேரம் நின்று, நாதம் ஏறிய பின்னரே அவர் அடிக்கத் தொடங்கினார். மூன்று முறை அடித்தார். பயிற்றுநர் கைப்பேசியிற் பதிவுசெய்துகொண்டார். பெரியவருக்குத் தேநீரும் விசுக்கோத்தும் கொடுத்து அனுப்பினோம்.

விழாவுக்கு அவரை எவரும் அழைக்கவில்லை. பேர்த்தி பரிசு வாங்குவதைக் காணவந்த பெற்றோர் வரிசையில் வெள்ளை வேட்டியுடன் அமர்ந்திருந்தார். மேடையில் அவருடைய இசை ஒலித்தது. தப்பு இருக்கவேண்டிய இடத்தில் பாண்டுக் குழுவின் சிறு முரசொன்று இருந்தது. தப்பை மேடையேற்றினால் மண்டபத்தருகே தீ மூட்டவேண்டிவரும் என்பது எமது கூட்டத்திற் சொல்லப்பட்ட காரணம். சொல்லப்படாத காரணத்தை அங்கிருந்த எல்லோரும் அறிவோம். குத்துவிளக்கு ஏற்றிய மேடையில், பிரதம விருந்தினர் முன்னிலையில், சாவு வீட்டு வாத்தியமா?

மறுநாள் அந்தப் பிள்ளை வந்து, ‘தாத்தா பேரை ஏன் சேர் போடல்ல?’ என்று கேட்டாள். இடம் போதவில்லை என்றோம். கம்பீரநாட்டைக்கு இடம் போதியிருந்தது.

தப்பை ட்ரம்பெட்டுக்கு மாற்றுவது குற்றமென்று நாம் வாதிடவில்லை. மாற்றும்போது அடியை எடுத்துக்கொண்டு அடித்தவரை வெளியே நிறுத்துவதுதான் எமது வழக்கு. இது மரியாதைக் குறைவென்ற அளவில் முடிந்துவிடுவதுமில்லை; இசையே அதனாற் கெடுகிறது என்பதை இங்கே காட்ட விழைகிறோம்.

தப்பு இம்மலைகளுக்கு எப்படி வந்ததென்பதைப் படித்தோருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1820களிற் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டபோதும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்ட பின்னரும், தமிழகத்திலிருந்து கால்நடையாக நடத்திவரப்பட்ட மக்கள் தம்முடன் கொண்டுவந்த சொற்பப் பொருள்களில் அதுவும் ஒன்று. வந்த இடத்தில் அதற்கு இரட்டைப் பணி வாய்த்தது. இருள் பிரியுமுன் லயங்களை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு விரட்டியதும் தப்பு. இரவில் அதே மக்கள் தமக்கெனக் கூடி இரதியின் அழுகையையும் காமனின் சாம்பலையும் ஆடியதும் தப்பின் அடிக்கே. 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில் தலவாக்கலையின் உறுப்பினராயிருந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தம் நெடுங்கவிதையை விடியற்காலத்து முரசொலியிலேயே தொடங்கினார். சக்தீ பாலையாவின் தமிழாக்கத்தில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று நாம் படிப்பது அதைத்தான். துரைமாருக்குக் கடிகாரமாயிருந்த கருவி, தொழிலாளிக்கு வரலாறாயிருந்தது. அழைப்புக்கு ஓரடி, கலியாணத்துக்கு ஓரடி, சாவுக்கு ஓரடி, சாமிக்கு ஓரடி. லயத்துக்குள் படுத்திருப்பவர் அடியைக் கேட்டே சங்கதியை அறிவார். இத்தனை நுட்பமான மொழியொன்றுக்கு எமது நிரலில் நாம் இட்ட பெயர் ‘நாட்டார் இசை’.

எதிர்வாதங்கள் இரண்டு உண்டு. இரண்டையும் சமமாக மதிக்க எம்மால் இயலவில்லை.

எளிய வாதம் பண்டிதர்களுடையது. மரபை மரபாகவே விடவேண்டும், காமன் கூத்தைப் பித்தளையில் ஊதுவது கலப்படம் என்பர். மரபு என்பதைப் பூட்டிய பெட்டியாகக் காண்போருக்கு எம் இசை வரலாறே விடை சொல்லும். முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பாண்டு மெட்டுகளைக் கேட்டு நோட்டுசுரங்கள் பாடினார். அவர் தம்பி பாலுசாமி வெள்ளையரிடம் வயலினைக் கற்று, அதைக் கருநாடக இசைக்கு உரிய கருவியாக்கினார். கிளாரினெட்டு சதிர்க் கச்சேரிக்குள் நுழைந்தது, பின்னர் ஏ. கே. சி. நடராஜன் அதில் இராகம் வாசித்துப் பெரும்புகழ் பெற்றார். 1960களின் தொடக்கத்தில் இந்நாட்டில் நடந்த மரபுப் போராட்டத்தையும் நினைவிற் கொள்க. உழைப்போரின் பேச்சு கதைகளில் ஏறியபோது அதை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் ஒரு சாரார் பழித்தனர். அப்பழிப்பை எதிர்த்து வென்ற எழுத்தாளர் மரபில் வந்தவர்களென்று நாம் பெருமை பேசுகிறோம். பேச்சுக்குப் பெற்றுத்தந்த உரிமையைத் தப்புக்கு மறுப்பவர்களும் நாமே. கதையில் வரலாம், மேடையில் வரக்கூடாது!

மற்ற வாதம் கனமானது. அதை எமக்கு எடுத்துரைத்தவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த சக ஆசிரியர் ஒருவர். ‘எங்கள் அப்பன் பாட்டன் தலையில் கட்டிவைத்த அடிமைச் சின்னம் அது. பிள்ளைகளின் கையில் இப்போதுதான் ட்ரம்பெட் வந்திருக்கிறது. மறுபடியும் தப்பை ஏன் அதன் பக்கத்திற் கொண்டுவந்து வைக்கிறீர்கள்?’ இதைக் கேட்டு எளிதில் மறுமொழி சொல்ல எமக்கு வாய் வரவில்லை. தமிழகத்திலும் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்து, அதற்காக அடியும் ஊர்விலக்கும் தாங்கிய மக்கள் உண்டு. அம்மறுப்பு வீரம். ஒருவன் தன் தோளிலிருந்து தப்பை இறக்கிவைக்கும் உரிமை அவனுடையது. அதைக் குறைசொல்லும் தகுதி மேல்சாதி இரசிகர் எவருக்கும் இல்லை. அதே தமிழகத்தில், அதே பறையை விடுதலையின் குரலென்று தூக்கி, மாணவருக்கும் கடல் கடந்த தமிழருக்கும் பயிற்றியோரும் உண்டு. அவர்களுள் ஒருவரான வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இறக்கிவைத்தவர், தூக்கிப் பிடித்தவர் இருவருக்கும் பொதுவானது ஒன்றுண்டு: முடிவு அவர்களுடையது. எமது விழாவில் நடந்ததோ இவ்விரண்டுமன்று. பெரியவர் தப்பை இறக்கிவைக்கவுமில்லை, நாம் அவரைத் தூக்கிப் பிடிக்கவுமில்லை. அடியை வாங்கிக்கொண்டோம், கையை வெட்டிவிட்டோம். அடிமைச் சின்னம் என்பதற்காகத்தான் தப்பை விலக்கினோமென்றால், அதன் அடியை மட்டும் கைத்தட்டலுக்காக வைத்துக்கொண்டது எந்த நியாயத்தில்? இதைச் சொன்னபோது நண்பர் வாளாவிருந்தார். ஒப்புக்கொண்டார் என்று பொருள்கொள்ளத் துணியோம்.

இனி இசைக்கு வருவோம். எமது பயிற்றுநர் மல்லாரியைத் தெரிந்தது நல்ல காதுக்குச் சான்று. சுவாமி புறப்பாட்டுக்கு நாகசுரத்தில் வாசிக்கப்படுவது மல்லாரி. அதற்குச் சாகித்தியமில்லை, தவிலோடு சேர்ந்து, காலங்களை மாற்றி மாற்றி எழும் கம்பீரமே அதன் உயிர். கம்பீரநாட்டையோ ஐந்தே சுரங்களுள்ள இராகம்: ச, க, ம, ப, நி. ட்ரம்பெட்டின் குழாய் இயல்பாகவே இதற்கு இடங்கொடுக்கிறது. வால்வு எதையும் அழுத்தாமலே சட்சமும் பஞ்சமமும் மேற்சட்சமும் ஒலிக்கும். மத்திமத்துக்கு ஒரு வால்வு, நிஷாதத்துக்கு ஒரு வால்வு, காந்தாரத்துக்கு இரண்டு. எட்டு மாதம் பழகிய பிள்ளைகள் மல்லாரியைச் சபைக்கு முன் ஊத முடிந்ததன் இரகசியம் இதுவே. நாகசுரத்தின் வளைவும் குழைவும் வாராதென்பது உண்மைதான். ஆயினும் நேராக நிமிரும் இராகமாதலால் நட்டம் பெரிதன்று.

தப்பு வேறு சாதி வாத்தியம்! (சாதி என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே இட்டோம்.) அதற்குச் சுரமில்லை. தடித்த குறுங்குச்சி தோலின் நடுவில் விழும்போது ஒரு கனத்த ஒலி. மெல்லிய நெடுங்குச்சி படும்போது சிலிர்க்கின்ற வேறோர் ஒலி. இவ்விரண்டின் உரையாடலே இசை. அன்று மாலை பெரியவர் அடித்த பதிவைப் பின்னர் நாம் பலமுறை கேட்டோம். மும்மூன்றாக ஓடி, திடீரென இரண்டிரண்டாகச் சாய்ந்து, மறுபடி மூன்றுக்குத் திரும்பும் நடை. வேகம் ஏறுகிறது, ஆனால் படிக்கட்டு ஏறுவதுபோலன்று. எதிரே ஆடுபவன் இல்லாதபோதும், ஆடுபவன் காலைப் பார்த்தே அவர் கை விரைகிறது. இடையிடையே ஒரு கணம் அடி நிற்கிறது. அந்த நிறுத்தத்தில்தான் நெற்றிக்கண் திறக்கிறது என்று பேர்த்தி விளக்கினாள்.

பயிற்றுநர் இதை நாலுநாலாக எண்ணும் அணிநடைக்குள் மடித்தார். தமக்குப் பழகிய தாளம் அது என்பதைத் தவிர வேறு குற்றம் அவர்மேல் இல்லை. சுரமற்ற அடிமேல் இனிமையான மெட்டொன்றையும் போர்த்தினார். எங்கோ திரைப்படத்திற் கேட்டதுபோன்ற மெட்டு. நிறுத்தங்களைச் சிறு முரசின் உருட்டல் நிரப்பிற்று. நெற்றிக்கண் திறக்க இடமே இல்லாமற்போயிற்று. காமன் கூத்து, பரீட்சை மண்டபத்து மேற்பார்வையாளரைப்போல் ஒரே சீராக நடந்து போய் மேடையைவிட்டு இறங்கிற்று. சபை கைதட்டியது. பெரியவரும் தட்டினார், மரியாதைக்காக.

அந்த ஒத்திகைகளின்போது அவர் பக்கத்தில் இருந்திருந்தால், நாலுக்குள் அடங்காததை நாலுக்குள் அடைக்கும்போது தடுத்திருப்பார். கைப்பேசிக்குத் தடுக்கத் தெரியாது. ஒலிப்பதிவு இசையைச் சுமக்கும். எது பிழை என்று சொல்லாது. தோட்டத்துத் தப்பின் இலக்கணம் எந்த நூலிலும் அச்சிடப்பட்டு எமது நூலகத்துக்கு வரவில்லை. அது இருப்பது அந்த மனிதரின் மணிக்கட்டில். அவரை வெளியே வைத்துவிட்டு இசையை உள்ளே கொண்டுவந்தோமென்று நாம் எண்ணியது வெறும் மயக்கம்.

‘ட்ரம்பெட் என்பது மேல்நாட்டு நாகரிகக் கருவி, அதனருகே தப்பு பொருந்தாது’ என்று எமது கூட்டத்தில் ஒருவர் சொன்னார். மேல்நாட்டாரின் வரலாற்றையாவது அவர் அறிந்திருக்கலாம். ஐரோப்பிய அரசவைகளில் ட்ரம்பெட் குழு பேரிகையைப் பிரிந்து வாழ்ந்ததில்லை. 1623இல் பேரரசர் இரண்டாம் பெர்டினாந்து வழங்கிய சாசனம் ட்ரம்பெட் ஊதுவோரையும் பேரிகை கொட்டுவோரையும் ஒரே சங்கத்தினராகக் கொண்டு உரிமை அளித்தது. அச்சங்கத்தின் கலையை 1795இல் நூலாக்கிய ஆல்டன்பர்க், நூலின் தலைப்பிலேயே இருவரையும் சேர்த்தார். ஏழு ட்ரம்பெட்டுக்கு அவர் அமைத்த உருப்படியிலும் பேரிகை உண்டு. வால்வு என்ற பொறிக்கு 1818இல்தான் பிரஷ்யாவிற் காப்புரிமை பெறப்பட்டது. அதற்கு முன் ஒரு ட்ரம்பெட்டில் இயல்பாக எழும் சில சுரங்களே கிடைத்தன. சில சுரங்களைக் கொண்டு சபையை ஆட்கொள்வதற்கு அவர்கள் நம்பியது தாளத்தை. (அந்தச் சங்கத்தார் தம் கலையைப் பிறர் தொடவிடாத மேட்டிமைக்காரர் என்பதும் உண்மை. ஆனால் தம் பேரிகைக்காரனை வாசலில் நிறுத்தும் அளவுக்கு அவர்கள் மூடர் அல்லர்.)

கேரளத்துக் கொம்புப் பற்றும் இதையே காட்டுகிறது. வளைந்த கொம்பில் வால்வுமில்லை, துளையுமில்லை. எழுவன மிகச் சில சுரங்கள். கொம்புக்காரர் வரிசையாக நின்று, இலைத்தாளமும் செண்டையும் துணையிருக்க, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்து ஊதும்போது ஆயிரக்கணக்கானோர் கையை வீசித் தாளம் போடுகிறார்கள். தப்பை ட்ரம்பெட்டுக்கு மாற்ற விரும்புவோர்க்கு வழி இங்கேயே திறந்து கிடக்கிறது. மெட்டு வேண்டா. சட்சம், பஞ்சமம், மேற்சட்சம் போதும். கனத்த குச்சியின் அடி கீழ்ச்சுரத்தில் ஒரு பிள்ளைக்கு, சிலிர்த்த குச்சியின் விடை மேற்சுரத்தில் மற்றொரு பிள்ளைக்கு. நாவை ‘தூ கூ தூ கூ’ என இரட்டித்து ஊதும் வித்தை இன்னும் கைவராத பிள்ளைகளுக்கு, ஓர் அடியை இருவருக்குப் பங்கிட்டால் வேகமும் கிட்டும், மூச்சும் மிஞ்சும். நிறுத்தங்களை நிறுத்தங்களாகவே விடவேண்டும். எந்த இடத்தில் மூன்று இரண்டாகிறது என்பதைத் தப்பு முன்சென்று சொல்ல, பித்தளை பின்தொடரவேண்டும். இது நாம் கண்டுபிடித்ததன்று. விழா முடிந்த பின் ஒரு மழைநாளில், மூன்றாம் ட்ரம்பெட் பிள்ளையும் அவள் தோழியும் விளையாட்டாக ஊதிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டே எழுதுகிறோம்.

சாவு வீட்டு வாத்தியம் என்று முகஞ்சுளிப்போருக்கு நியூ ஓர்லியன்சைச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த பின், கறுப்பின மக்கள் படைகளின் பித்தளை வாத்தியங்களைக் கையிலெடுத்து, தம் இறந்தோரை அடக்கஞ்செய்யப் போகும்போது மெதுநடையில் அழுதும், திரும்பும்போது துள்ளுநடையில் ஆடியும் தெருவில் ஊதினர். முரசு உடன் நடந்தது. அந்நகரின் வறிய சிறுவனொருவன் 1913இல் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு அங்குள்ள பாண்டில் கோர்னெட்டு பழகினான். உலகம் அவனைப் பின்னர் லூயி ஆம்ஸ்ட்ரோங் என்று அறிந்தது. சாவு ஊர்வலத்து இசையிலிருந்து கிளைத்த ஜாஸை நாகரிகத்தின் உச்சமென்று கொழும்பிலே நுழைவுச்சீட்டு வாங்கிக் கேட்பவர்கள், கொத்மலையில் சாவுத் தப்புக்குக் காதைப் பொத்துகிறார்கள். வேறுபாடு இசையில் இல்லை. அங்கே ட்ரம்பெட் ஊதியவனும் முரசடித்தவனும் ஒரே தெருவினர். எவரும் எவரையும் வாசலில் நிறுத்தவில்லை. இங்கே இடையில் நாம் இருக்கிறோம்: படித்தவர்கள்.

இவ்வளவு தொலைவு போவானேன்? இங்கிருந்து கம்பளை வழியாக இறங்கினால் பேராதனை. நாம் படித்த பல்கலைக்கழகத்தில், 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தை நவீன அரங்குக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’ 1962இல், ‘இராவணேசன்’ 1964இல். விடியவிடிய ஆடப்படுவதைச் சில மணிநேரத்துக்குச் சுருக்கினார். வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு மாற்றினார். இதுவும் ஒருவகை மாற்றியமைப்புத்தான். ட்ரம்பெட்டுக்கு மாற்றுவதைவிடத் துணிவான மாற்றம். ஆனால் அவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தாறுமூலைக்குப் போய்த் திரும்பிவிடவில்லை. அங்கிருந்து செல்லையா அண்ணாவியாரை அழைத்துவந்து மாணவருக்குப் பயிற்றுவித்தார். மாணவரின் ஆட்டத்தைத் திருத்தியவர் அண்ணாவியார். அவர் பெயர் இன்றும் அந்நாடகங்களோடு சேர்ந்தே பேசப்படுகிறது. அதற்கு முன் 1956இல் ‘மனமே’யை உருவாக்கிய எதிரிவீர சரச்சந்திரவும் நாடகமக் கலைஞர் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயின் துணையைப் பெற்றே அதைச் செய்தார். இருவருடைய முறைமீதும் குறைகள் கூறப்பட்டதுண்டு, கூறவும் இடமுண்டு. ஆயினும் கலையைத் தந்தவரை மறைத்தார்கள் என்ற குறையை எவராலும் கூறமுடியாது. இவ்விரு நாடகங்களையும் உயர்தர வகுப்புக்கு நாமே ஆண்டுதோறும் படிப்பிக்கிறோம். கரும்பலகையில் அண்ணாவியார் பெயரை எழுதிய வெண்கட்டி கையிலிருக்க, நிகழ்ச்சி நிரலில் தோட்டத்து அண்ணாவியார் ஒருவரின் பெயரை விட்டோம்.

மாணவ வாசகர் கேட்கலாம்: பெயரைப் போட்டுவிட்டால் கூலி ஏறுமா, லயம் வீடாகுமா என்று. ஏறாது, ஆகாது. 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமையின் கடைசி மிச்சத்தை மீட்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்த மக்களுக்கு, ஒரு நிரலில் ஒரு பெயர் எம்மாத்திரம்? ஆனால் அத்தனை ஆண்டுகள் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டவற்றின் முறையைக் கவனியுங்கள். கொழுந்து போகும், பெயர் போகாது. தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயரும் கம்பனியின் பெயரும் இருக்கும், பறித்தவளின் பெயர் இராது. ஆறாவது வரியை எழுதியபோது நாமும் அந்தப் பெட்டியைத்தான் கட்டினோம். பயிற்றுநருக்கு நாட்கூலி கணக்கிட்டுக் கொடுத்த அதே பணப்பெட்டியிலிருந்து, கலையைத் தந்தவருக்குத் தேநீரும் விசுக்கோத்தும். தோட்டத்துரையைக் கண்டித்துக் கவிதை எழுதும் ஆசிரியர்கள் நாம்.

இவ்வாண்டு விழாவுக்கான குழு கூடிவிட்டது. நாம் நான்கு கோரிக்கைகளை எழுத்தில் வைத்தோம். பெரியவர் சனிக்கிழமைகளில் பயிற்றுநரோடு அமர்ந்து உருப்படியைத் திரும்ப அமைக்கவேண்டும். பயிற்றுநருக்குரிய நாட்கூலியே அவருக்கும். மண்டபத்துக்கு வெளியே, தண்ணீர்த் தாங்கிக்கு அருகில், மிலாறு மூட்ட இடம். நிரலில் அவர் பெயரும், எந்தத் தோட்டத்துக் காமன் கூத்து என்பதும். முதல் மூன்றுக்கும் பெரிய எதிர்ப்பு எழவில்லை. பயிற்றுநர் மனமுவந்து வரவேற்றார். நான்காவதில்தான் தடங்கல். ‘ஒருவர் பெயரைப் போட்டால் மற்றத் தோட்டத்தார் கோபிப்பார்கள்’ என்கிறார்கள். கோபிக்கட்டும், அடுத்த ஆண்டு அவர்களையும் அழைப்போம்.

பெரியவரிடம் போய்க் கேட்டோம். லயத்து வாசலில் பிளாஸ்திக் கதிரையைத் துடைத்துப் போட்டார். போன ஆண்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது பேச்சை மாற்றினார். ‘குழலும் குளிருல எறங்குது சேர், கவனிச்சீங்களா? முதல் ரெண்டு நிமிசம் சுருதி கீழ கெடந்துச்சு. தப்ப காய்ச்சிற மாதிரி அதையும் கொஞ்சம் ஊதி சூடாக்கிட்டுத்தான் ஏத்தணும்’ என்றார். உண்மைதான். குளிர்ந்த பித்தளையிற் சுருதி இறங்குமென்று பயிற்றுநரும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார். விழாவன்று பதற்றத்தில் எல்லோரும் மறந்துபோயினர். பெற்றோர் வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்தவர் மட்டும் கேட்டிருக்கிறார்.

வருவாரா என்று கேட்டதற்கு விழாவின் தேதியைக் கேட்டார். மாசியில் என்றோம். ‘காமன் நட்டுட்டா நான் வெளிய வர ஏலாது சேர். அதுக்கு முந்தி வச்சா வாறேன்.’ மாசி அமாவாசைக்கு முன்னதாக விழாவை வைக்குமாறு அதிபரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பிரதம விருந்தினரின் வசதியைப் பார்க்கவேண்டும் என்றார். பதில் இன்னும் வரவில்லை.